கொப்பி கைமாறும் நாள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டையொட்டிக் கிளிநொச்சியில் நடைபெற்ற வன்னிப் பழைய மாணவிகளின் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



இந்த உரை ஒருவர் தனியே இருந்து எழுதியதல்ல. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் வேலை செய்கிற பழைய மாணவிகள் சிலர் கூடிக் கதைத்து, அடித்துத் திருத்தி எழுதியது. அதனால்தான் முழுவதும் ‘நாங்கள்’ என்று வருகிறது. வாசிக்கும் பொறுப்பை எங்களில் வைத்தியராக இருப்பவரிடம் தந்துவிட்டார்கள். ஆகையால் நோய் நொடி பற்றிய கதை இடையிடையே கொஞ்சம் கூடுதலாக வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘பெண்களும் தலைமைத்துவமும்’ என்பதே எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு. இந்தத் தலைப்பில் பேசுபவர்கள் வழமையாகச் சொல்லும் பெயர்கள் உங்களுக்கு மனப்பாடம். பிரதமராக இருந்தவர்கள், விண்வெளிக்குப் போனவர்கள், நோபல் பரிசு பெற்றவர்கள். அவர்களைப் பிள்ளைகள் பொது அறிவுப் போட்டிக்குப் படித்துக்கொள்வார்கள். மாதம் ஒருமுறை பொதுநோக்கு மண்டபத்தில் பாய் விரித்துக் கூடுகிற சங்கங்களில் ஒரு தலைவி எப்படி வருகிறார், எப்படிப் போகிறார் என்பதைப் பற்றித்தான் நாங்கள் பேச விரும்பினோம். அதிலும் அவர் போவதைப் பற்றித்தான் கூடுதலாக.

கிராமத்துப் பெண்கள் தாங்களாகக் கூடிச் சங்கம் அமைப்பது இன்று எங்களுக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. இதன் பூர்வீகங்களில் ஒன்று கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரு குழந்தையின் மரணத்தில் இருக்கிறது. அடிலெயிட் ஹூட்லெஸ் என்ற பெண்ணின் கைக்குழந்தை 1889இல் இறந்தது. காரணம் சுத்தமில்லாத பால் என்று சொல்லப்படுகிறது. திறந்த பாத்திரங்களில் ஈ மொய்க்க வீடு வீடாகப் பால் கொண்டுவரப்பட்ட காலம் அது. பாலைக் காய்ச்ச வேண்டும், மூடி வைக்க வேண்டும் என்று எவராவது சொல்லித் தந்திருந்தால் பிள்ளை இருந்திருக்கும் என்ற எண்ணம் அந்தத் தாயை விடவில்லை. பெண்களுக்கு வீட்டுச் சுகாதாரத்தைக் கற்பிக்க வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசத் தொடங்கினார். 1897 பெப்ரவரி 19ஆம் திகதி ஸ்ரோனி கிறீக் என்ற ஊரில் முதலாவது ‘மாதர் நிறுவனம்’ உருவானது. நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் வந்திருந்தார்கள்.

இந்த வரலாற்றில் எங்களை மிகவும் கவர்ந்த விடயம் அதற்கு அடுத்தபடியாக நடந்தது. அந்தச் சங்கத்தின் முதலாவது தலைவி அடிலெயிட் ஹூட்லெஸ் அல்ல! அந்தப் பகுதியைச் சேர்ந்த கிறிஸ்ரினா சிமித் என்பவர் தலைவியானார். ஹூட்லெஸ் கௌரவத் தலைவியாக மட்டும் இருந்துகொண்டு அடுத்த ஊருக்குப் பேசப் போய்விட்டார். 1910இல் ரொறன்ரோவில் இப்படியொரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே மேடையில் உயிர் பிரிந்தது. தொடங்கியவர் கதிரையில் இருக்காதபடியால்தான் அந்தச் சங்கம் ஊர் ஊராகப் பரவியது என்பது எங்கள் கருத்து. கனடாவில் இருக்கும் எங்கள் கிளையின் அக்காமார் ஒன்ராறியோவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒருநாள் போய் அந்த ஊரைப் பார்த்து வந்து எங்களுக்கும் சொல்லுங்கள்.

அதே மாகாணத்தில் பிறந்து, ரொறன்ரோவில் வைத்தியம் படித்து, 1896இல் இலங்கைக்கு வந்தவர் மேரி ஹெலன் ஏர்வின். யாழ்ப்பாணத் தமிழரான கனகரட்ணம் என்பவரை மணந்து மேரி ரட்ணம் ஆனார். கொழும்பில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட 1927ஆம் ஆண்டுச் சங்கத்தில் அவர் முன்னின்றார். 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தபோது அது படித்த பெண்களுக்கு மட்டும் என்று இல்லாமல் எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தது. இடையில் 1930ஆம் ஆண்டு, கனடாவின் மாதர் நிறுவனங்களை மாதிரியாக வைத்து ‘லங்கா மகிளா சமிதி’யைத் தொடங்கினார். 1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதலாவது பெண்ணும் அவரே. 1958இல், எண்பத்தைந்து வயதில், மக்சைசாய் விருது கிடைத்தது. எங்களைப் போன்ற வைத்தியர்களுக்கு அவருடைய வாழ்க்கை ஒரு பாடம். மருந்துச் சீட்டு எழுதித் தீராத நோய்களே கூடுதல் என்று கண்டுகொண்டு கிராமத்துக்குப் போனவர் அவர்.

மகிளா சமிதியின் முறை இலகுவானது. நகரத்திலிருந்து படித்த பெண்கள் தொண்டர்களாகப் போவார்கள். மலசலகூடம், வீட்டுத் தோட்டம், நெசவு, பிள்ளை வளர்ப்பு என்று கற்பிப்பார்கள். ஆனால் கிராமத்துச் சமிதியின் தலைவி, செயலாளர், பொருளாளர் எல்லோரும் அந்த ஊர்ப் பெண்களாகவே இருக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் கூட்ட அறிக்கை எழுதுவதற்காகவே எழுதப் பழகியிருப்பார்கள் என்று நாங்கள் நினைத்துப் பார்ப்பதுண்டு.

சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் அரசாங்கம் கிராம அபிவிருத்திச் சங்கங்களை ஊக்குவித்தது. ஆண்களின் சங்கத்துக்குப் பக்கத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் வளர்ந்தது. இன்று வன்னியில் எந்தக் கிராம அலுவலர் பிரிவுக்குப் போனாலும் பெரும்பாலும் ஒரு மாதர் சங்கம் இருக்கும். பிரதேச மட்டத்தில் சமாசம் இருக்கும். முன்பள்ளியை நடத்துவது பெரும்பாலும் இவர்கள்தான். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் கதிரை, தறப்பாள், கிடாரம் வாடகைக்குக் கொடுப்பது இவர்கள். சுழற்சி முறைக் கடன் கொடுப்பது, கிளினிக் நாளில் நிறை பார்க்கும் தராசைத் தூக்கி வைப்பது, சிரமதானத்துக்குத் தேநீர் ஊற்றுவது எல்லாம் இவர்கள். அம்மாச்சி உணவகங்களில் வரிசையாக நின்று தோசையும் குரக்கன் புட்டும் விற்கிற பெண்களிலும் இப்படியான சங்கங்களிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சுகாதாரத் துறையில் இருக்கிற நாங்கள் இதைச் சும்மா புகழ்ச்சிக்குச் சொல்லவில்லை. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. வன்னியில் வளர்ந்த எங்களுக்கு மலேரியா என்றால் என்ன என்று தெரியும். குளிரில் நடுங்கி மூன்று சாக்கைப் போர்த்திக்கொண்டு பரீட்சைக்குப் படித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். அந்த நோய் போனதற்கு மருந்தும் மருந்தடிப்பும் நுளம்பு வலையும் இரத்தப் பரிசோதனையும் காரணம். அதே நேரம் ‘காய்ச்சல்காரர் ஆர் வீட்டில் இருக்கினம்’ என்று அறிந்து எங்கள் உத்தியோகத்தரைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போனவர்களும் காரணம். பல இடங்களில் அது மாதர் சங்கத்துப் பெண்கள்தான்.

இனி, தலைமைக்கு வருவோம்.

வருடாந்தப் பொதுக்கூட்டம் எப்படி நடக்கும் என்று இங்கே வந்திருக்கும் சங்கத்து அக்காமாருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்து கதிரையில் இருப்பார். இறைவணக்கம், அறிக்கை வாசிப்பு, கணக்கு வாசிப்பு. பழைய நிர்வாக சபை கலைக்கப்படும். ‘தலைவிக்கு ஒருவரை முன்மொழியுங்கோ’ என்று உத்தியோகத்தர் கேட்பார். எல்லோரும் பாயின் ஓரத்தை நுள்ளிக்கொண்டிருப்பார்கள். ஒரு குழந்தை அழும். கொஞ்ச நேரத்தால் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: ‘பழைய அக்காவே இருக்கட்டுமே’. உடனே நாலு பேர் வழிமொழிவார்கள். தேநீர் வந்துவிடும்.

இப்படி ஒரே தலைவி பத்து வருடம், பதினைந்து வருடம் இருக்கிற சங்கங்களை எங்களுக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலானவர்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள். களவெடுத்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியானால் என்ன குறை என்று கேட்பீர்கள். எங்கள் கண்ணில் பட்டதைச் சொல்கிறோம். அந்தத் தலைவிக்குச் சுகமில்லாமல் போனால் சங்கமும் படுத்துவிடுகிறது. வங்கிப் புத்தகம் எங்கே, முன்பள்ளி ஆசிரியைக்கு எந்த மாதம் வரை கொடுப்பனவு கொடுத்தாயிற்று, கிடாரம் ஆர் வீட்டில் நிற்கிறது, ஒன்றும் மற்றவருக்குத் தெரியாது. எல்லாம் அக்காவின் தலைக்குள் இருக்கிறது. ஒரு தலைவி பக்கவாதத்தில் விழுந்து பேச்சை இழந்தபோது, அவரைப் பார்க்க விடுதிக்கு வந்த அங்கத்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று ‘சங்கத்து அலுமாரித் திறப்பு எங்கை அக்கா’ என்று கேட்டதை எங்களில் ஒருவர் பார்த்திருக்கிறார். கேட்டவர்களைக் குறை சொல்ல ஏலாது. அடுத்த நாள் சங்கத்திலிருந்து விதைநெல்லுக்குக் கடன் கொடுக்க வேண்டியிருந்தது.

ஏன் மாற்றுகிறார்கள் இல்லை? மற்றப் பெண்களுக்கு விருப்பமில்லை, பயம், படிப்பில்லை என்று அலுவலகங்களில் சொல்வார்கள். நாங்கள் இதை அப்படியே ஏற்பதில்லை. தலைவியாக இருப்பதற்குச் செலவு இருக்கிறது. உட்கிராமத்திலிருந்து பிரதேச செயலகத்துக்கு வரப் பேருந்துக் காசு வேண்டும். பேருந்து காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்றால் அந்த நாள் முழுவதும் போய்விடும். கச்சான் பிடுங்கப் போயிருந்தால் அன்றைக்குக் கூலி கிடைத்திருக்கும். தொலைபேசிக்கு ‘ரீலோட்’ போட வேண்டும். உத்தியோகத்தர் களப்பயணம் வந்தால் ஒரு பிளேன்ரீயாவது கொடுக்க வேண்டும். இவ்வளவும் சொந்தக் காசு. ஆகவே வசதி கொஞ்சம் உள்ளவர், அல்லது வீட்டில் சம்பளக்காரர் இருப்பவர் மட்டும்தான் தலைவியாகத் தாக்குப்பிடிக்கலாம். கூலி வேலைக்குப் போகிற பெண் ‘நான் மாட்டன்’ என்று சொல்வது பயத்தால் அல்ல, கணக்குப் பார்த்துத்தான்.

இன்னொரு காரணம் அலுவலகங்கள். அரச அலுவலகமாக இருந்தாலும் தொண்டு நிறுவனமாக இருந்தாலும் தெரிந்த முகத்தோடு வேலை செய்வதையே விரும்பும். ஒரு அழைப்பில் நாற்பது பேரைக் கூட்டித் தரக்கூடிய தலைவி அவர்களுக்கு மிகவும் வசதி. பயனாளிகள் பட்டியல் நாளைக்குள் வேண்டும் என்று கேட்பதும், பிறகு ‘தலைவி தன்ரை ஆக்களுக்குத்தான் எழுதிக் குடுத்தவ’ என்று ஊர் சண்டை பிடிக்க விடுவதும் அவர்களே. எங்கள் சுகாதாரத் துறையும் இதற்கு விலக்கல்ல.

மூன்றாவது, கொஞ்சம் கசப்பானது. வன்னிக் கிராமங்கள் பல இடத்து மக்கள் சேர்ந்து உருவானவை. பழைய வன்னிக் குடிகள், குடியேற்றத் திட்டங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள், 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள். மலையகக் குடும்பங்கள் இங்கே வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். ஆனாலும் எங்களுக்குத் தெரிந்த கலப்புக் கிராமங்களில் அந்தப் பெண்கள் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறார்கள், நிர்வாக சபையிலும் ஒன்றிரண்டு பேர் வருகிறார்கள், தலைவியாக வருவது அபூர்வம். ‘ஆர் உங்களை வேண்டாம் எண்டது’ என்று கேட்டுவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விடுவார்கள். பாயில் இருப்பது எல்லோரும்தான். பாயின் எந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் ஊரின் வரைபடம் தெரியும்.

இதற்கு மாறான சங்கங்களும் இருக்கின்றன. அவற்றுக்காகத்தான் இந்த உரைக்கு இப்படியொரு பெயர் வைத்தோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் எவரும் தலைவியாக இருப்பதில்லை. யாப்பில் எப்படி இருந்தாலும் இது அவர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். பொதுக்கூட்டத்தன்று பழைய பொருளாளர் காசுக் கொப்பியை முதற் பக்கத்திலிருந்து சத்தமாக வாசிப்பார். ‘ஊதுபத்தி, இவ்வளவு. பூட்டு, இவ்வளவு.’ ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். யாரும் எழும்பிப் போவதில்லை. வாசித்து முடிந்ததும் கையிருப்புக் காசை எல்லோருக்கும் முன்னால் எண்ணுவார்கள். பிறகு கொப்பி, வங்கிப் புத்தகம், பற்றுச்சீட்டுப் புத்தகம், றப்பர் முத்திரை, அலுமாரித் திறப்பு எல்லாவற்றையும் வெற்றிலை பாக்கோடு ஒரு தட்டத்தில் வைத்துப் புதியவர்களிடம் கொடுப்பார்கள். கலியாணத்துக்குத் தட்டம் கொடுப்பது போலத்தான். பழைய தலைவி அதோடு வீட்டுக்குப் போய்விடுவதில்லை. அடுத்த ஆறு மாதம் செயலகத்துக்குப் புதியவரோடு கூடவே போக வேண்டும், ஆனால் அங்கே வாய் திறக்கக் கூடாது! ‘அதுதான் கஷ்டமான வேலை, தலைவியாய் இருந்ததை விடக் கஷ்டம்’ என்று ஒரு முன்னாள் தலைவி எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

இப்படி விலகுவது பெரிய அமைப்புகளிலும் நடந்திருக்கிறது. இந்தியாவின் அகமதாபாத்தில் தெரு வியாபாரிகள், தலைச்சுமை தூக்குபவர்கள், பீடி சுற்றுபவர்கள் ஆகிய பெண்களுக்காக 1972இல் ‘சேவா’ என்ற சங்கத்தை அமைத்தவர் சட்டத்தரணியான இலா பட். அதன் பொதுச் செயலாளராக இருந்தவர் 1996இல் அந்தப் பதவியை விட்டார். 2022இல் அவர் காலமான பிறகும் சேவா நடக்கிறது.

எங்கள் ஊரில் ‘தலைமைத்துவம்’ என்ற சொல் எங்கே கூடுதலாகக் கேட்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்ற படிவத்தில்தான். கணவன் இறந்தால், காணாமல் போனால், விட்டுப் போனால் அந்தப் பெண்ணுக்குப் படிவத்தில் இந்தப் பெயர். தலைமை என்பது வன்னியில் பல பெண்களுக்கு யாரும் முன்மொழியாமல், யாரும் வழிமொழியாமல் வந்து சேர்ந்தது.

2009க்குப் பிறகு, மெனிக்பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பிய காலத்தில் மாதர் சங்கங்களைத் திரும்பவும் கூட்டியவர்களில் இப்படியான பெண்கள் நிறையப் பேர். வீட்டுத்திட்டத்துக்கும் காணிப் பத்திரத்துக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய பழக்கத்தில் அவர்களுக்கு எந்தக் கதவில் தட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. இடம்பெயர்ந்த வழி முழுவதும் சங்கத்து வங்கிப் புத்தகத்தைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த பொருளாளரைப் பற்றி ஒரு கிராமத்தில் இன்னமும் சொல்கிறார்கள். தன்னுடைய நகை எல்லாம் போய்விட்டது, புத்தகம் மட்டும் வந்து சேர்ந்தது.

அப்படிப்பட்டவர்கள் தலைவியானார்கள். ஆனால் முன்பள்ளிக் கட்டடம் திறப்பு விழா என்று வந்தபோது ஒரு பிரச்சினை. குத்துவிளக்கை ஆர் ஏற்றுவது? கணவனை இழந்தவர் மங்கல விளக்கு ஏற்றலாமா? யாரும் வாய் விட்டுக் கேட்கவில்லை. விருந்தினருக்கு மாலை போடவும் விளக்கேற்றவும் ‘நிர்வாக சபையிலிருந்து ஒரு சுமங்கலி அக்கா வாங்கோ’ என்று ஒலிவாங்கியில் கூப்பிட்டுவிட்டார்கள். தலைவி பந்தலுக்குப் பின்னால் தேநீர்க் கோப்பை எண்ணிக்கொண்டு நின்றார். அந்தக் கட்டடத்துக்கு மணல், கல், அனுமதி எல்லாம் அவர் அலைந்து எடுத்தவை. இது ஒரு ஊரில் மட்டும் நடந்ததல்ல.

இன்று பல ஊர்களில் இது மாறியிருக்கிறது. மாற்றியது எந்தச் செயலமர்வும் அல்ல. ஒரு ஊரில், ‘தலைவியின் பெயர் அழைப்பிதழில் இருக்கிறது, தலைவிதான் ஏற்ற வேண்டும்’ என்று வயதான அம்மா ஒருவர் நெருப்புப்பெட்டியைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தாராம். அவ்வளவுதான். அடுத்த விழாவுக்கு யாரும் யோசிக்கவில்லை. கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. பொட்டு வைத்தாலும் ஒரு கதை, வைக்காவிட்டாலும் ஒரு கதை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய உறவினர்களின் தொடர் போராட்டத்தில் முன்னால் இருந்தவர்கள் இத்தகைய தாய்மாரும் மனைவிமாரும்தான். விடை தெரியாமலே சிலர் கண்ணை மூடிவிட்டார்கள். நீரிழிவுக்கும் அழுத்தத்துக்கும் எங்கள் கிளினிக்கில் மருந்தெடுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

கடனைப் பற்றிப் பேசாமல் இந்தக் காலத்து மாதர் சங்கத்தைப் பற்றிப் பேச முடியாது. போருக்குப் பிறகு நுண்கடன் நிறுவனங்கள் ஏ9 வீதி வழியே வந்து ஒழுங்கை ஒழுங்கையாக இறங்கின. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, குழுவுக்கு ஒரு தலைவியை வைத்து, கிழமைக்குக் கிழமை அறவிட்டார்கள். வெளித்தோற்றத்தில் அதுவும் மாதர் குழு, அங்கும் ஒரு தலைவி. ஆனால் அந்தத் தலைவியை நிறுவனம் வைத்திருப்பது கடன் அறவிட உதவுவதற்கு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். அதனால் அயலட்டையில் ஒன்றாக அம்மியரைத்தவர்கள் முகம் பார்க்காமல் போனார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கிளினிக்கில் இரத்த அழுத்தம் ஏறியிருக்கும், நித்திரை இல்லை என்பார்கள், விசாரித்தால் ‘நாளைக்குக் கிழமைக்காசு’ என்பார்கள். உயிரை மாய்க்க முயன்று கொண்டுவரப்பட்டவர்களையும் நாங்கள் பார்த்தோம். பெண்கள் வீதிக்கு வந்து குரல் கொடுத்தார்கள். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் நிலுவையாகிக் கிடந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. பெரிய கடன்காரருக்கு அது உதவவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தோம். சங்கத்தின் சுழற்சி முறைக் கடன் ஒழுங்காக நடந்த ஊர்களில் வெளிக்கடன் அவ்வளவு ஆழமாக இறங்கவில்லை. சங்கத்துக் கடன் சிறியது, அவசரத்துக்குப் போதாது என்பது உண்மை. ஆனால் அங்கே வட்டி எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும், வட்டி போவதும் சங்கத்துக்குத்தான். பிள்ளைக்கு வருத்தம் என்றால் ஒரு மாதம் தவணை தள்ளித் தருவதற்குக் கூட்டத்தில் தீர்மானம் எடுக்கலாம். கொப்பி பூட்டிக் கிடந்த ஊர்களில் சங்கத்தில் காசு இருந்தும் ‘அதைக் கேட்டு எடுக்கேலாது’ என்றே பெண்கள் வெளியே போனார்கள். தலைமை மாறுகிற வழக்கத்துக்கும் ஒரு பெண்ணின் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொன்னால் எங்கள் சக வைத்தியர்கள் சிரிப்பார்கள். நாங்கள் இரண்டையும் பார்த்தவர்கள்.

2018 டிசம்பர் வெள்ளத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். இரணைமடுவின் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்து, சனம் பாடசாலைகளில் தங்கிய நாட்கள். நிவாரணம் வந்து சேருவதற்கு முன் முதல் நேரச் சாப்பாடு சங்கத்துக் கிடாரத்தில்தான் வெந்தது. கிடாரம் எந்த வீட்டில் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்த ஊரில் விரைவாக வெந்தது.

இனி எங்கள் பழைய மாணவிகள் சங்கத்துக்கு வருவோம். நூறு வருடச் சங்கம். தலைவிகளின் படங்கள் வரிசையாக மண்டபத்தில் தொங்குகின்றன. அதிபர்கள், வைத்தியர்கள், சட்டத்தரணிகள், உயர் பதவியில் இருந்தவர்களின் துணைவியார். எல்லோரையும் வணங்குகிறோம். படித்த பாடசாலையில் தையல் கற்று இன்று தையற் கடை வைத்திருக்கும் எங்கள் வகுப்புத் தோழிகளின் படம் அந்த வரிசையில் எப்போது வரும் என்று மட்டும் கேட்டு வைக்கிறோம். அவர்களில் ஒருவர் தன் கிராமத்து மாதர் சங்கத்தில் நான்கு வருடம் பொருளாளராக இருந்து ஒரு சதம் பிசகாமல் கொடுத்தவர். எங்களுக்குள் அவரளவு கணக்குத் தெரிந்தவர்கள் குறைவு.

நூற்றாண்டு நினைவாக வன்னியில் ஏதாவது செய்ய வேண்டும் என்று வெளிநாட்டுக் கிளைகள் கேட்டிருக்கின்றன. கட்டடம், நுழைவாயில், சிலை என்று யோசனைகள் வந்தன. நாங்கள் கேட்பது சின்ன விடயங்கள். எங்களோடு சேரும் சங்கங்களில் தலைவி, செயலாளர், பொருளாளர் மூவருக்கும் அலுவலாகப் போகும் நாளுக்கான பேருந்துக் காசும் ஒரு தொகை நாட்கூலியும் கிடைக்கும்படி ஒரு நிதி வேண்டும். அது நன்கொடை என்ற பெயரில் அவர்களுடைய கைக்குப் போகாமல், சங்கத்தின் கணக்குக்குப் போய், கொப்பியில் எழுதி, கூட்டத்தில் வாசிக்கப்பட்டுத்தான் போக வேண்டும். கூலிக்குப் போகிற ஒரு பெண் ‘நான் நிற்கிறன்’ என்று சொல்ல அது வழி செய்யும். அதோடு எங்களில் எவரும், வைத்தியராக இருந்தாலும் ஆசிரியராக இருந்தாலும், அந்தச் சங்கங்களில் பதவி எடுக்கக் கூடாது என்றும் எங்களுக்குள் முடிவு செய்திருக்கிறோம். போசகர் பதவியும் வேண்டாம். கூப்பிட்டால் போவோம், கேட்டால் சொல்லித் தருவோம்.

சொல்லித் தரக் கேட்டிருப்பது காசுக் கொப்பி எழுதும் முறையை. முதல் வகுப்பு வருகிற மாதத்து முதலாவது சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்தில் நடக்கும். வங்கியில் வேலை செய்யும் எங்கள் தங்கைமார் இருவர் நடத்துவார்கள். இப்போது பதவியில் இருப்பவரை மட்டும் அனுப்பாமல், அடுத்த முறை வரக்கூடியவர் என்று நீங்கள் நினைக்கிற ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும், மதியச் சாப்பாடும் இருக்கும். பேனையும் கல்குலேற்றரும் நாங்கள் தருவோம். சங்கத்துக் கொப்பியை, எழுதாமல் விட்ட பக்கங்களோடு அப்படியே, நீங்கள் கொண்டு வாருங்கள்.